பாதம் அறியும் வேகம்

வீட்டின் ஓர் அறையில் அமைக்கப்படும் கார் பந்தய சிமுலேட்டர் என்பது ஓர் இருக்கை, ஒரு ஸ்டியரிங், இரண்டு அல்லது மூன்று பெடல்கள், ஒரு திரை, காரின் நடத்தையைக் கணக்கிடும் மென்பொருள் இயங்கும் ஒரு கணினி ஆகியவற்றால் ஆனது. பொருட்களின் பட்டியல் இவ்வளவு சிறியதாக இருந்தும், அதை அமைக்கத் தொடங்கியவர்கள் மாதக்கணக்கில் அதற்குள் மூழ்கிவிடுகிறார்கள். அசையாத இருக்கையில் அமர்ந்திருக்கும் ஒருவரின் உடலை, மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் விரையும் காருக்குள் இருப்பதாக முழுமையாக நம்பவைக்க எந்தக் கருவியாலும் முடியாது என்பதால், உண்மையான ஓட்டத்தின் எந்தக் கூறுகளைக் காப்பாற்றுவது, எவற்றைக் கைவிடுவது என்ற தேர்வை அமைப்பவரே செய்தாக வேண்டியிருக்கிறது. கார் ஓட்டும் திறன் உடலின் எந்தப் பகுதியில் குடியிருக்கிறது என்ற கேள்விக்கு அவர் அளிக்கும் விடையே அந்தத் தேர்வு. பெரும்பாலோர் கண் என்று எண்ணிப் பெரிய திரையில் தொடங்குகிறார்கள், இன்னும் சிலர் கை என்று எண்ணி விலையுயர்ந்த ஸ்டியரிங்கில் தொடங்குகிறார்கள். முதலிடம் பாதத்துக்கே உரியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இயந்திரத்தைக் கொண்டு ஓட்டப் பழக்கும் முயற்சி காரைவிட விமானத்துக்கே முதலில் தேவைப்பட்டது. நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் நகரில் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை நடத்தியவரின் மகனான எட்வின் லிங்க், ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளையே பயன்படுத்தி 1929இல் விமானப் பயிற்சிக் கருவி ஒன்றை உருவாக்கினார். சிறகு முளைத்த சிறு பெட்டிபோல் இருந்த அந்தக் கருவியைத் தொடக்கத்தில் கேளிக்கைப் பூங்காக்களே வாங்கின. 1934இல் விமான அஞ்சல் சேவையை ஏற்று நடத்தப் புகுந்த அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவு, மோசமான வானிலையில் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் பயிற்சியில்லாத விமானிகள் பலரைச் சில வாரங்களுக்குள் இழந்த பின்னர் ஆறு கருவிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட விமானிகள் அக்கருவியில் பயின்றிருந்தனர். லிங்கின் பெட்டிக்குள் வானமும் இல்லை, நிலமும் இல்லை. மேல்மூடியைச் சாத்திவிட்டால் உள்ளே இருப்பவருக்கு எஞ்சுபவை முள் அசையும் சில கருவிகளும் சாய்ந்து நிமிரும் இருக்கையும் மட்டுமே. இருந்தும் அது பயன்பட்டதற்குக் காரணம், மேகத்துக்குள் பறக்கும்போது விமானிக்குத் தேவையான ஒரே திறனைத் தேர்ந்தெடுத்து, அதற்கு வேண்டியவற்றை மட்டும் தந்தமைதான். வீட்டில் சிமுலேட்டர் அமைப்பவர் லிங்கிடமிருந்து பெற வேண்டியது இந்தத் துணிவையே.

கைவிட வேண்டியவற்றில் முதலாவது, காரில் செல்பவர் மிக வலுவாக உணரும் முடுக்கம். உட்காதில் ஒட்டோலித் எனப்படும் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் ஒரு மெல்லிய சவ்வின்மேல் அமைந்திருக்கின்றன. உடல் முன்னோக்கி உந்தப்படும்போது அவை பின்தங்கி, அடியிலுள்ள நுண்மயிர்களை வளைக்கின்றன. தலை பின்னால் சாயும்போதும் புவியீர்ப்பால் அதே மயிர்கள் அதே திசையில் வளைகின்றன. ஆகவே உட்காதின் இவ்வுறுப்பால் முடுக்கத்தையும் சாய்வையும் பிரித்தறிய இயலாது. விமான நிறுவனங்களின் பெரிய சிமுலேட்டர்கள் இந்தக் குறையையே வழியாகக் கொண்டு, திரையில் விமானம் வேகமெடுக்கும்போது அறை முழுவதையும் மெல்லப் பின்னால் சாய்த்து, உள்ளே இருப்பவரை முன்னோக்கி உந்தப்படுவதாக உணரச் செய்கின்றன. அந்த அறையைத் தாங்கி நிற்கும் ஆறு கால் மேடைக்கு, 1965இல் அதைப் பற்றி ஆய்வுரை எழுதிய ஸ்டூவர்ட்டின் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பே, 1950களில், பிர்மிங்காமில் டன்லப் நிறுவனத்தின் பொறியாளர் எரிக் கஃப் அத்தகைய மேடையை இயக்கியிருந்தார். விமானிகளை ஆட்டுவதற்காக அவர் அதைச் செய்யவில்லை, டயரைப் பல திசைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் அழுத்திச் சோதிப்பதற்காகவே செய்தார். பந்தய சிமுலேட்டரின் அசையும் மேடையும் அதன் மென்பொருளுக்கு ஆதாரமான டயர் ஆய்வும் ஒரே பட்டறையில் சந்தித்திருக்கின்றன என்பது இத்துறையில் ஈடுபட்டோர் மகிழ்ந்து நினைக்கத்தக்க செய்தி.

சாய்வால் பெறக்கூடிய முடுக்கத்துக்கு எல்லை உண்டு. மேடையை முப்பது பாகை சாய்த்தால் புவியீர்ப்பில் பாதியளவு உந்துதலே கிடைக்கும். ஃபார்முலா ஒன் கார் கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது ஓட்டுநரின் உடல்மேல் புவியீர்ப்பைப் போல் ஐந்து மடங்கு வரை விசை செயல்படுகிறது. அதோடு, சாய்வது உடலுக்குத் தெரியாதவாறு மேடை மெதுவாகச் சாய வேண்டும். பந்தயக் காரிலோ அரை நொடிக்குள் எல்லாம் மாறிவிடுகிறது. வீட்டுக்கென விற்கப்படும் அசையும் மேடைகள் நான்கு மூலைகளிலும் சில அங்குலங்கள் ஏறி இறங்குபவை. அவற்றால் தடத்தின் மேடுபள்ளத்தையும் பின்சக்கரம் வழுகத் தொடங்கும் கணத்தின் சிறு உதறலையும் காட்ட முடியுமே தவிர, நீடித்து அழுத்தும் விசையைக் காட்ட முடியாது. திரைக்கும் மேடைக்கும் இடையே சிறு தாமதம் நேர்ந்தாலும் குமட்டல் வருகிறது. செலவையும் பயனையும் ஒப்பிட்டால் அசையும் மேடையைக் கடைசிக்குத் தள்ளுவதே சரியானது. ஒலிபெருக்கியிலிருந்து கூம்பை நீக்கியதுபோல் செயல்படும் அதிர்வுக் கருவி ஒன்றை இருக்கைக்கு அடியிலும் இன்னொன்றைப் பெடல் தட்டுக்கு அடியிலும் பொருத்தினால், எஞ்சின் உறுமலையும் பிரேக் பிடித்துச் சக்கரம் பூட்டிக்கொள்ளும் கணத்தையும் மிகக் குறைந்த செலவில் உடலுக்குச் சொல்லிவிடலாம்.

முடுக்கத்தை இழந்த பிறகு காரின் நிலையை ஓட்டுநருக்கு உணர்த்தும் பொறுப்பின் பெரும்பகுதி கைக்கு வந்து சேர்கிறது. இதைப் புரிந்துகொள்ள டயருக்குள் நுழைந்தாக வேண்டும். வளைவில் திரும்பும் காரின் முன்சக்கரம் தான் நோக்கும் திசையில் அப்படியே உருள்வதில்லை. அது நோக்கும் திசைக்கும் உண்மையில் செல்லும் திசைக்கும் இடையே சில பாகை வேறுபாடு இருக்கிறது; இதற்கு நழுவுகோணம் என்று பெயர். ரப்பர் இவ்வாறு முறுக்கப்படும்போது பிறக்கும் பக்கவாட்டு விசை, டயர் தரையைத் தொடும் பரப்பின் நடுவில் செயல்படாமல் சற்றுப் பின்தள்ளிச் செயல்படுகிறது. அந்தச் சிறு தொலைவே நெம்புகோலாகிச் சக்கரத்தை நேராக்க முயல்கிறது, வளைவில் ஸ்டியரிங் கனப்பது அதனால்தான். நழுவுகோணம் கூடக்கூடப் பக்கவாட்டு விசை ஏறிக்கொண்டே போக, தொடுபரப்பின் பின்பகுதி வழுகத் தொடங்குவதால் நெம்புகோலின் நீளம் குறைந்துகொண்டே வருகிறது. இதன் விளைவாக டயரின் பிடிமானம் உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பாகவே ஸ்டியரிங்கின் கனம் உச்சத்தைக் கடந்து இறங்கத் தொடங்கிவிடுகிறது. கார் இன்னும் தடத்தைப் பற்றியிருக்கிறது, ஆனால் கைக்குள் ஏதோ இளகுகிறது. அந்த இளக்கத்தைப் படிக்கத் தெரிந்தவர் எல்லையில் ஓட்டுகிறார், தெரியாதவர் இன்னும் கொஞ்சம் திருப்பி டயரை வழுகவிடுகிறார்.

டெல்ஃப்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹான்ஸ் பசேய்கா, வோல்வோ நிறுவனத்தினரோடு இணைந்து 1980களில் வகுத்து, பின்னர் மாய வாய்பாடு என்று பெயர் பெற்ற சமன்பாடு, இந்த ஏற்ற இறக்கத்தைச் சில மாறிலிகளுக்குள் அடக்கியது. பந்தய மென்பொருள்கள் பல அதையோ அதிலிருந்து கிளைத்த முறைகளையோ, டயரின் வெப்பத்தையும் தேய்மானத்தையும் சேர்த்து, நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை கணக்கிடுகின்றன. கணக்கின் முடிவு முறுக்கு விசையாக மாறி ஸ்டியரிங் மோட்டாருக்குச் செல்கிறது. எளிய ஸ்டியரிங்குகளில் மோட்டாருக்கும் கைப்பிடிக்கும் இடையே பற்சக்கரங்கள் இருப்பதால் ஒரு கரகரப்பும், பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலான வெற்றிடமும் கைக்குத் தெரிகின்றன. அடுத்த நிலையில் பெல்ட் அந்தக் கரகரப்பை நீக்கினாலும் நுட்பங்களையும் சேர்த்தே மழுக்கிவிடுகிறது. மோட்டாரின் தண்டிலேயே ஸ்டியரிங்கைப் பொருத்தும் டைரக்ட் டிரைவ் முறையில் இடையீடு எதுவும் இல்லை. பற்சக்கர வகையான லாஜிடெக் ஜி29 ஏறக்குறைய இரண்டு நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும், 2021இல் வந்த ஃபனாடெக்கின் சிஎஸ்எல் டிடி அடிப்படை நிலையில் ஐந்தும், ஃபின்லாந்தில் உருவான சிமுக்யூப் 2 புரோ இருபத்தைந்தும் தருகின்றன.

பெரிய எண்ணைக் கண்டவுடன் வலிமையான ஸ்டியரிங்கே உண்மைக்கு நெருக்கமானது என்று முடிவு செய்வது பிழை. மோட்டாரால் தர முடிந்ததைவிட அதிகமான விசையை மென்பொருள் கேட்கும்போது, உச்சிக்கு மேற்பட்டவை அனைத்தும் ஒரே அளவாகத் தட்டையாகிவிடுகின்றன; இதை கிளிப்பிங் என்கிறார்கள். வளைவின் நடுவில், மேலே சொன்ன இளக்கம் நிகழ வேண்டிய அதே இடத்தில், ஸ்டியரிங் கல்போல் கனத்து எதையும் சொல்லாமல் நின்றுவிடுகிறது. மோட்டாரின் கூடுதல் வலிமையால் கிடைக்கும் உண்மையான பயன், இந்தத் தட்டையாதலுக்கு இடமின்றி மென்மையான செய்திகளையும் கடுமையான செய்திகளையும் வேறுபடுத்திக் காட்டும் இடைவெளிதான். எட்டு நியூட்டன் மீட்டர் அளவில் அந்த இடைவெளி பெரும்பாலோர்க்குப் போதுமானதாகிவிடுகிறது. அதற்கு மேற்பட்ட மோட்டார்களை வாங்குபவர் அவசர நிறுத்தப் பொத்தானைக் கைக்கெட்டும் தொலைவில் பொருத்த வேண்டும். கார் சுவரில் மோதும் கணத்தில் சுழலும் ஸ்டியரிங் கட்டைவிரலை முறிக்கும் வலிமை உடையது.

இனி பாதம். காரின் பிரேக் எண்ணெயழுத்தத்தால் இயங்குகிறது. பெடலை மிதிக்கும்போது குழாய்களிலுள்ள எண்ணெய் பிரேக் பட்டைகளைத் தட்டின்மேல் அழுத்துகிறது. பட்டை தட்டைத் தொடும்வரை பெடல் நகர்கிறது. தொட்ட பின்பு, எண்ணெய் சுருங்காது என்பதால், பெடல் நகர்வதற்கு ஏறத்தாழ இடமே இல்லை, காலின் அழுத்தம் மட்டுமே கூடுகிறது. ஆகவே ஓட்டுநரின் கால் கற்றுவைத்திருப்பது பெடல் எவ்வளவு தூரம் கீழே போயிற்று என்பதை அன்று, எவ்வளவு வலுவாக அழுத்தப்படுகிறது என்பதை. மலிவான பெடல்களில் இருப்பது, வானொலிப் பெட்டியின் ஒலியைக் கூட்டும் குமிழில் இருப்பதுபோன்ற, நகர்வைக் கொண்டு மின்தடையை மாற்றும் பொட்டென்ஷியோமீட்டர். அது தூரத்தை அளக்கிறது. ஒரு சுருள்வில்லுக்கு எதிராகப் பாதத்தை ஏழு சென்டிமீட்டருக்குப் பதில் ஆறு சென்டிமீட்டரில் நிறுத்துமாறு அது ஓட்டுநரிடம் கேட்கிறது. பாதத்துக்கோ அத்தகைய தூர நினைவு மிகவும் மங்கலானது. தசையின் இறுக்கத்தை நினைவில் வைப்பதில் உடல் தேர்ந்தது, மூட்டின் கோணத்தை நினைவில் வைப்பதில் அவ்வளவு தேர்ந்ததன்று.

லோட் செல் எனப்படும் எடையுணரி பொருத்திய பெடல் இதை நேர்செய்கிறது. அதன் உள்ளே இருப்பது வியப்பூட்டும் அளவுக்கு எளியது. ஓர் உலோகக் கட்டையின்மேல் முடியிழைபோல் மெல்லிய மின்தடக் கோடுகள் கொண்ட படலம் ஒட்டப்பட்டிருக்கிறது. அழுத்தத்தில் கட்டை கண்ணுக்குப் புலப்படாத அளவு வளையும்போது கோடுகள் நீண்டு மெலிந்து, அவற்றின் மின்தடை மிகச் சிறிதளவு மாறுகிறது. 1938இல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்ற இருவர் ஒருவரையொருவர் அறியாமலே கண்ட முறை இது. அந்த நுண்ணிய மாற்றத்தைப் பள்ளி இயற்பியல் பாடத்தில் வரும் வீட்ஸ்டன் சமனச் சுற்று அளக்கிறது. மளிகைக் கடையின் மின்னணுத் தராசிலும் லாரியோடு சேர்த்துச் சரக்கை நிறுக்கும் எடைமேடையிலும் இருப்பது இதே கருவிதான். பெடலில் அதற்கு முன்னால் அடுக்கப்படும் ரப்பர் வளையங்களின் கடினத்தை மாற்றிப் பிரேக்கின் இறுக்கத்தை விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம்.

இதன் பயன் முழுமையாகத் தெரியும் இடம் வளைவின் வாசல். நேர்பாதையின் முடிவில் பந்தய ஓட்டுநர் முழு வலுவோடு பிரேக்கை அழுத்துகிறார். பின்னர் வேகம் குறையக் குறையக் காலைச் சிறிது சிறிதாகத் தளர்த்தியபடியே ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்குகிறார். பிரேக்கின் அழுத்தத்தால் காரின் எடை முன்சக்கரங்களின்மேல் சாய்ந்திருப்பதால் அவற்றுக்குத் திரும்பும் பிடிமானம் கூடுகிறது. அழுத்தத்தைச் சட்டென்று விட்டால் எடை பின்னுக்குப் போய்க் கார் திரும்ப மறுக்கிறது, பிடித்துக்கொண்டே இருந்தால் பின்பகுதி இலேசாகிச் சுழன்றுவிடுகிறது. டிரெயில் பிரேக்கிங் எனப்படும் இந்த உத்தியில் காரை வளைவுக்குள் செலுத்துவது ஸ்டியரிங்கைவிட அதிகமாகத் தளரும் பாதம்தான். ஒரு சுற்றின் நேரத்தில் கிடைக்கும் முன்னேற்றத்தின் பெரும்பகுதி இங்கேதான் ஒளிந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த சுற்றிலும் அதே அழுத்தத்தை அதே இடத்தில் திரும்பத் தர முடிவதுதான் பயிற்சி என்பதன் பொருள். எளிய ஸ்டியரிங்கோடு எடையுணரிப் பெடலை இணைத்தவர், உயர்ந்த ஸ்டியரிங்கோடு பொட்டென்ஷியோமீட்டர் பெடலை வைத்திருப்பவரைவிட விரைவாகத் தேறிவிடுவதற்குக் காரணம் இதுவே.

பெடலை நாற்பது, அறுபது கிலோ எடைக்கு நிகரான விசையோடு மிதிக்கும்போது அதே விசை முதுகின் வழியாக இருக்கையைப் பின்னுக்குத் தள்ளுகிறது. உருளை வைத்த அலுவலக நாற்காலி முதல் வளைவிலேயே அறையின் மறுகோடிக்கு உருண்டுவிடும். ஆகவே நல்ல பெடலை வாங்கியவர் இருக்கையையும் பெடலையும் ஸ்டியரிங்கையும் ஒரே உடலாகப் பிணைக்கும் சட்டகத்தைத் தேடியாக வேண்டும். ரிக் என்று அழைக்கப்படும் இச்சட்டகத்துக்கு இன்று பரவலாகப் பயன்படுவது, ஆலைகளில் இயந்திர மேசைகள் செய்ய உருவான, நீளவாட்டில் பள்ளங்கள் ஓடும் அலுமினியம் புரொஃபைல். நாற்பதுக்கு எண்பது மில்லிமீட்டர் அளவுள்ள துண்டுகளைப் பள்ளத்தில் நழுவும் நட்டுகளால் இணைத்தால், வெல்டிங் இன்றியே எந்த உயரத்துக்கும் எந்தக் கோணத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். பெடல் தட்டு ஓரிரு மில்லிமீட்டர் வளைந்தாலும் எடையுணரி அளக்க வேண்டிய அழுத்தத்தின் ஒரு பகுதியைச் சட்டகம் விழுங்கிவிடுவதால், விலையைவிட விறைப்பே இங்கு அளவுகோல். சதுர இரும்புக் குழாயை வெல்டிங் பட்டறையில் இணைத்துச் செய்ததும், தடித்த பிளைவுட் பலகையால் தச்சர் செய்ததும் போதிய விறைப்போடு இருக்குமானால் அவையும் குறைந்தவை அல்ல. கோயம்புத்தூரில் கரிவரதன், மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு குறைந்த செலவில் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கி, பணபலம் இல்லாத பல இளைஞர்களைத் தடத்துக்குக் கொண்டுவந்தார். செட்டிப்பாளையத்துத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. உள்ளூர்ப் பட்டறையில் செய்த சட்டகத்தில் ஒருவர் அமரும்போது அந்த மரபே வீட்டுக்குள் தொடர்கிறது என்று சொல்வது மிகையாகாது.

கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்றுதான், ஆனால் அது பெரும்பாலும் தவறவிடப்படுகிறது. திரை என்பது ஒரு சன்னல்; அந்தச் சன்னலின் அகலமும் கண்ணிலிருந்து அதன் தொலைவும் சேர்ந்து, உலகின் எத்தனை பாகை அதன் வழியாகத் தெரிய வேண்டும் என்பதை நிர்ணயிக்கின்றன. அறுபது சென்டிமீட்டர் தொலைவில் வைக்கப்பட்ட இருபத்தேழு அங்குலத் திரைக்கு அது ஏறக்குறைய ஐம்பத்து மூன்று பாகை. மென்பொருளிலும் பார்வைக்கோணத்தை அதே அளவில் வைத்தால்தான் வளைவு தன் உண்மையான தொலைவிலும் அளவிலும் தெரியும். அகலமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தொண்ணூறு பாகைக்குக் கூட்டிவைத்தால் எல்லாம் சிறுத்துத் தள்ளிப்போய், வேகம் மிகையாகவும் பிரேக் பிடிக்கும் இடம் தவறாகவும் தோன்றும். சரியான அளவில் வைத்த ஒற்றைத் திரை முதலில் குறுகலாகப் படும், பக்கத்தில் வரும் கார் தெரியாது. மூன்று திரைகளோ தலையில் அணியும் மெய்நிகர்க் கருவியோ அந்தக் குறையைப் போக்குகின்றன. இரண்டாவதில் ஆழம் தெரிவதால் வளைவின் உட்பக்க விளிம்பை நெருங்குவது எளிதாகிறது என்றாலும், வியர்வையும் குமட்டலும் பலருக்குத் தடையாக இருக்கின்றன.

இவ்வாறு அமைக்கப்பட்ட அறைக்குள் கற்றது தடத்துக்குச் செல்கிறதா என்ற ஐயத்துக்கு விடை கிடைத்துவிட்டது. பிளேஸ்டேஷனில் கிரான் டுரிஸ்மோ விளையாடி 2008இல் நிஸ்ஸானின் ஜிடி அகாடமி போட்டியில் வென்ற ஸ்பெயின் நாட்டு லூகாஸ் ஓர்டோன்யெஸ், 2011இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பிரிவில் இரண்டாம் இடம் பெற்ற அணியில் ஓட்டினார். 2009 முதல் பந்தயப் பருவத்துக்கிடையே தடத்தில் சோதனை ஓட்டம் நடத்துவது ஃபார்முலா ஒன்னில் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டதால், அணிகளின் சிமுலேட்டர் அறைகளுக்கு முக்கியத்துவம் பெருகியது. 2024 மே மாதம் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன், இமோலா கிராண்ட் பிரீ நடந்த அதே வாரயிறுதியில் இணையவழி நூர்புர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்திலும் பங்கேற்று, ஞாயிறன்று இமோலாவில் வென்றார்.

தடத்துக்குச் செல்லாதது அச்சம். சிமுலேட்டரில் சுவரில் மோதியவர் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கிவிடுகிறார். இதைக் குறையாக மட்டும் காண்பது நியாயமன்று. அச்சம் இல்லாத இடத்தில்தான் எல்லையைக் கடந்து பார்த்து, கடந்த கணத்தில் ஸ்டியரிங்கும் பெடலும் என்ன சொல்லின என்பதை நினைவில் இருத்தி, நூறு முறை திரும்பச் செய்ய முடிகிறது. ஆனால் இணையவழிப் பந்தயத்தில் அருகே ஓடும் காருக்குள் இன்னொரு மனிதர் தம் மாலைப்பொழுதை முழுமையாக ஒப்படைத்து அமர்ந்திருக்கிறார். மோதினால் இரும்பு நசுங்காது என்பதற்காக அவருடைய உழைப்பை நசுக்குபவர், எவ்வளவு உயர்ந்த கருவி வைத்திருந்தாலும் பந்தய ஓட்டுநர் ஆகார்.

புதிதாகத் தொடங்குபவர் கையிலிருக்கும் பணத்தை வளையாத சட்டகத்துக்கும் எடையுணரிப் பிரேக்குக்கும் முதலில் ஒதுக்கிவிட்டு, ஸ்டியரிங்கை எளியதாகவே வைத்துக்கொள்ளலாம். ஐரேசிங் மென்பொருள் தொடக்க நிலையினருக்குத் தரும் மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற, எடையும் குதிரைத்திறனும் குறைந்த காரை எடுத்துக்கொண்டு, எந்த அமைப்பையும் மாற்றாமல் ஒரே குறுகிய தடத்தில் சில வாரங்கள் ஓட்ட வேண்டும். சுற்றுக்குச் சுற்று நேர வேறுபாடு அரை நொடிக்குள் அடங்கும்வரை அடுத்த கருவியைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை.